டேபிள்டாப் ஆர்பிஜில "என்ன வேணா பண்ணலாம்"னா, பண்ணதுக்கு அப்புறம் என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்க கொஞ்ச பேர் ஒக்காந்து ஆர்பிஜி, அதாவது ரோல் ப்ளேயிங் கேம், ஆளுக்கு ஒரு கேரக்டரா மாறி கதை ஆடுறது, ஆடுறோம். வெலிங்டன், அரவேணு, கோத்தகிரி, ஊட்டினு அங்கங்கேந்து வருவாங்க, பஸ் கெடச்சா வருவாங்க, மழைல ரோடு போச்சுன்னா வரமாட்டாங்க. புதுசா வர்றவங்க கேக்குறது சுத்தி சுத்தி ஒரே விஷயம்தான், எங்களுக்கு எவ்ளோ சுதந்திரம், பண்ணதுக்கு விளைவு என்ன, அத யார் முடிவு பண்றது. ஜிஎம்மா (கேம் மாஸ்டர், கேம நடத்துறவர்) உக்காரணும்னு ஆசப்படுற தம்பிங்களும் அதையேதான் கேக்குறாங்க. ஒவ்வொரு வாட்டியும் டீ ஆறுற வரைக்கும் பேசறதுக்கு பதிலா இங்க எழுதி வெச்சுட்டேன்.

மொதல்ல, இது என்ன கேம்? கம்ப்யூட்டர் வேணுமா?

வேணாம். ஒரு டேபிள், நாலஞ்சு பேர், பேப்பர், பென்சில், டைஸ். ஒருத்தர் ஜிஎம், கேம நடத்துறவர். ஊரு, மழை, கடைக்காரர், கரடி எல்லாமே அவர்தான். மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். ஜிஎம் நெலமைய சொல்லிட்டு "நீங்க என்ன பண்றீங்க?"னு கேப்பார், நீங்க சொல்வீங்க, ரெண்டு மாதிரியும் ஆகலாம்னு தோணுற எடத்துல டைஸ் உருட்டணும். புக்கா முதல்ல கடைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ், 1974ல, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் பண்ணது. அதுக்கப்புறம் வேற வேற ரூல்ஸோட ஏகப்பட்டது வந்தாச்சு.

ரூல் புக்லயே இல்லாதத பண்ணலாமா?

பண்ணலாம், இந்த கேம் பொறந்ததே அப்படித்தான். 1824ல, ஜெர்மனி பக்கம் இருந்த பிரஷ்யா ராணுவத்துல ரைஸ்விட்ஸ்னு ஒரு ஆபீசர், மேப் வெச்சு போர் பயிற்சி ஆட ரூல்ஸ் போட்டார். நாளாக நாளாக ரூல்ஸ் குவிஞ்சுபோய் ஆடுறதே பெரும்பாடு ஆகிருச்சு, 1870கள்ல வெர்டி து வெர்னுவானு இன்னொரு ஆபீசர் வந்து, அட்டவணை கணக்கெல்லாம் எதுக்கு, அனுபவப்பட்ட நடுவர் யோசிச்சு சொல்றதே முடிவுன்னு வெச்சுக்கலாம்னுட்டார். அப்புறம் 1960கள் கடைசில அமெரிக்காவுல மினசோட்டால டேவிட் வெஸ்லினு ஒருத்தர் ஒரு போர் கேம் நடத்துறார், ஆளுக்கு ஒரு ரோல் குடுத்தா, ப்ளேயருங்க போர வுட்டுட்டு ஊருக்குள்ள சுத்தி ரகசியம் பேசி ஆளாளுக்கு ஒரு திட்டம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அவர் கேம் சொதப்பிருச்சுன்னு நெனச்சாராம், ஆடுனவங்க இன்னொரு தடவ நடத்துன்னு கேட்டாங்க. அந்த கும்பல்ல ஒருத்தர்தான் ஆர்னெசன்.

அதனால புக்ல இல்லன்னு ஜிஎம் "முடியாது" சொல்லக்கூடாது. "சரி, எப்படி பண்றீங்க?"னு கேக்கணும். உங்க டேபிளுக்குன்னு தனி ரூல் எழுதிக்கிட்டாலும் தப்பில்ல. ஸ்னூக்கருக்கே 1880கள்ல நம்ம ஊட்டி கிளப்லதான் ரூல்ஸ் ஒழுங்கா எழுதி வெச்சாங்க, நாம எழுதுனா என்ன குறைஞ்சுருது.

என்ன வேணா பண்ணலாம்னு சொல்லிட்டு, பண்ணா மட்டும் ஏன் பிரச்சன வருது?

இந்த கேள்விய கொஞ்சம் கோவமாவே கேப்பாங்க. நீங்க என்ன *முயற்சி* பண்றீங்கங்கறதுதான் உங்க கைல இருக்கு. அதுக்கு ஊரு என்ன பதில் சொல்லும்ங்கறது உங்க கைல இல்ல. ஆனா இத வெச்சுக்கிட்டு ஜிஎம் ப்ளேயர பழிவாங்குறதும் நடக்குது, "ஓ கடைய எரிச்சியா, இரு, போலீஸ் வருது, நாப்பது பேரு, எல்லார் கைலயும் துப்பாக்கி". இது விளைவே இல்ல, ஜிஎம்முக்கு கடுப்பு, அவ்ளோதான்.

எங்க கேம்ல நடந்தத சொல்றேன். ஒரு கற்பனை மலையூர், நம்ம பக்கம் மாதிரியே தேயிலை தோட்டம், ஒரு டீ ஃபேக்டரி. ஓனர் கெட்டவன், சின்ன விவசாயிங்க இலைக்கு எடைல ஏமாத்துறான். பார்ட்டி, அதாவது ப்ளேயருங்களோட கேரக்டர் கும்பல், ராத்திரியோட ராத்திரியா ஃபேக்டரிக்கு தீ வெச்சுட்டாங்க, நம்ம ஆளுங்களுக்கு பெருமைன்னா பெருமை. போலீஸ்லாம் வரல. மறுநாள் காலைல என்ன ஆச்சுன்னா, வழக்கம்போல பொம்பளைங்க கொழுந்து பறிச்சு சாக்குல கட்டி ரோட்டோரம் வெச்சுட்டு லாரிக்கு நிக்கிறாங்க, லாரி வரல. இங்க இருக்குறவங்களுக்கு சொல்லவே வேணாம், பறிச்ச இலை அன்னிக்கே ஃபேக்டரிக்கு போகணும், சாக்குல கெடந்தா உள்ள சூடாகி செவந்து வீணாப்போயிரும். சாயங்காலம் அத்தனையும் குப்பை. ஓனருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அவன் கோயமுத்தூர்ல ஒக்காந்துட்டான். அடுத்த பள்ளத்தாக்குல இருக்குற ஃபேக்டரிக்காரனுக்கு விஷயம் தெரிஞ்சதும் வெலைய எறக்கிட்டான், வேற எங்க போவாங்கன்னு அவனுக்கு தெரியும்ல. தீ வெக்க சொல்லி கெஞ்சுன அதே பெரியவர் பார்ட்டிய பாத்து மூஞ்சிய திருப்பிக்கிட்டார்.

யாரையும் நான் அடிக்கல, ஒரு ஹிட் பாயிண்ட் (கேரக்டரோட உயிர் கணக்கு) கூட கொறைக்கல. ஆனா டேபிள்ல ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் ஒரு அக்கா "லாரி ஒண்ணு புடிப்போம், ராத்திரில காட்டு ரோட்டு வழியா இறக்கி வேற ஃபேக்டரிக்கு நாமளே கொண்டுபோவோம்"னாங்க, அடுத்த நாலு செஷனுக்கு கதை கெடச்சிருச்சு. இதுதான் நான் பாக்குற அளவுகோல். விளைவு வந்தப்புறம் ப்ளேயருக்கு செய்றதுக்கு புதுசா ஏதாச்சும் இருக்கா, இல்ல கதவெல்லாம் சாத்திருச்சா? சாத்திருச்சுன்னா ஜிஎம் அத திரும்ப யோசிக்கணும்.

விளைவு வரும்னு எனக்கு முன்னாடியே தெரியலயே, இது நியாயமா?

நியாயமில்ல. எங்க டேபிள்ல கறாரா இருக்குற ரூல் இது ஒண்ணுதான்: டைஸ் உருட்டுறதுக்கு முன்னாடி வெலைய சொல்லு, அதாவது இத பண்ணா என்ன போகும்னு. ஃபேக்டரி விஷயத்துலயும், தீ வெக்கப்போறோம்னு சொன்னப்பவே நான் கேட்டேன், "நாளைக்கு இவங்க இலைய எங்க போடுவாங்க?"னு. காதுல வாங்கிக்கிட்டாங்க, "அது அப்புறம் பாத்துக்கலாம்"னாங்க, தீ வெச்சாங்க. தெரிஞ்சு செஞ்சது, அதனால யாரும் என்கிட்ட சண்டைக்கு வரல.

இத ரூல்ஸாவே வெச்சிருக்குற கேம் இருக்கு. 2017ல வந்த பிளேட்ஸ் இன் தி டார்க்ல, என்ன திறமைய வெச்சு பண்றோம்னு ப்ளேயர் சொல்வார், எவ்ளோ ஆபத்து, எவ்ளோ பலன்னு ஜிஎம் சொல்வார், ரெண்டும் பேசி முடிச்சப்புறம்தான் டைஸ். ஆபத்து மூணு தரம், கைக்குள்ள இருக்குறது, ரிஸ்க்கானது, வேற வழியே இல்லாதது. வேற வழியே இல்லாத நெலமைல துணிஞ்சு உருட்டுனா ஜெயிச்சாலும் தோத்தாலும் அனுபவ பாயிண்ட் (சேர சேர கேரக்டர் வளரும்) உண்டு, அதனால ஆளுங்க பயப்படாம எறங்குறாங்க. வெல தெரிஞ்சா சப்புனு ஆயிரும்னு சிலர் சொல்றாங்க, என் டேபிள்ல நேர் எதிரா இருக்கு. "விழுந்தா இந்த கயிறு போயிரும், கயிறு போனா திரும்பி ஏற வழியில்ல"னு சொல்லிட்டு டைஸ கைல குடுத்து பாருங்க, அந்த கை கொஞ்சம் நடுங்கும்.

ரெண்டு வழி குடுத்தா போதாதா, அது சுதந்திரம் இல்லயா?

மேட்டுப்பாளையத்துலேந்து மேல வர குன்னூர் ரோடு இருக்கு, கோத்தகிரி ரோடு இருக்கு. எதுவும் தெரியாத டூரிஸ்ட்டு கிட்ட "எந்த ரோடு?"னு கேட்டா அவர் காசு சுண்டி போட்டுதான் சொல்லணும். அதே அவர் கிட்ட "பர்லியார் தாண்டி மண்சரிவு, ஜேசிபி நிக்குது, ஒன்ற மணி நேரம் ஆகலாம், கோத்தகிரி பக்கம் ரோடு கிளியர், ஆனா பலாப்பழ சீசன், குஞ்சப்பனைல யானை நிக்கும், இருட்டுறதுக்குள்ள தாண்டிரணும்"னு சொல்லிட்டு கேளுங்க. இப்ப அவர் யோசிப்பார், கூட வந்தவங்களோட சண்ட போடுவார், ஒரு முடிவு எடுப்பார், அந்த முடிவு அவரோடது. கேம்ல இடது பக்கம் கதவு வலது பக்கம் கதவுன்னு மட்டும் சொல்லி நிறுத்துறது டூரிஸ்ட்ட அம்போனு வுடுற மாதிரி. எந்த கதவுலேந்து ஈரக்காத்து வருது, எதுக்கு முன்னாடி குளம்பு தடம் இருக்குன்னு சொல்லுங்க.

எந்த ரோட்ல போனாலும் அதே யானைய நிறுத்திட்டா? ப்ளேயருக்கு தெரியவா போகுது?

ரொம்ப பழைய விவாதம் இது. இங்கிலீஷ்காரங்க யானைக்கு பதிலா ஓகர்னு ஒரு ராட்சசன சொல்வாங்க, எந்தப் பக்கம் போனாலும் அதே ராட்சசன் வந்து நிப்பான். ப்ளேயருங்க எதுவும் விசாரிக்காம சும்மா ஒரு பக்கம் திரும்புனாங்கன்னா, நீங்க எழுதி வெச்ச யானைய அங்க நிறுத்துறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, அவங்க எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லயே. ஆனா ஒருத்தர் டீக்கடைல காசு செலவு பண்ணி விசாரிச்சு, ஃபாரஸ்ட் வாட்சர் கிட்ட பேசி, யானை கோத்தகிரி பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டு, வேணும்னே குன்னூர் ரோட்ல போறாங்க, அங்கயும் நீங்க யானைய கொண்டுவந்தா அது திருட்டு. உழைச்சு சம்பாதிச்ச தகவல புடுங்கிட்டீங்க. ரெண்டு தடவ இப்படி பண்ணா அவங்க விசாரிக்கறதையே நிறுத்திருவாங்க, அப்புறம் "என் ப்ளேயருங்க யோசிக்கவே மாட்டேங்கறாங்க"னு நீங்க பொலம்புவீங்க.

டைஸ்ல பாதி நேரம் தோத்துக்கிட்டே இருந்தா கடுப்பாகுதே?

எந்த கேம்ங்கறத பொறுத்து. அபொகலிப்ஸ் வேர்ல்டுனு 2010ல ஒண்ணு வந்துச்சு, ரெண்டு ஆறு பக்க டைஸ். ரெண்டையும் கூட்டி 10ம் அதுக்கு மேலயும் வந்தா நினைச்சது நடக்கும், 7லேந்து 9 வரைக்கும் நடக்கும் ஆனா ஒரு வெல இருக்கும், 6ம் அதுக்கு கீழயும்னா ஜிஎம் கை ஓங்கும். கூட்டுறதுக்கு போனஸ் எதுவும் இல்லன்னா 36 சாத்தியத்துல 15 வாட்டி தோல்வி, 15 வாட்டி வெலயோட வெற்றி, 6 வாட்டிதான் முழு வெற்றி. அந்த நடு 15 இருக்கு பாருங்க, கதையே அங்கதான் ஓடுது. "தப்பிச்சுட்டீங்க, ஆனா பை அந்தப் பக்கம் கெடக்கு", "வாட்சர் நம்பிட்டார், ஆனா கூடவே வரேங்கறார்".

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் அஞ்சாவது எடிஷன்ல 20 பக்க டைஸ், வந்த எண்ணோட போனஸ கூட்டி இலக்க தொடணும், இலக்கு 10னா சுலபம், 15 நடுத்தரம், 20 கஷ்டம். போனஸ் 5 இருக்குற ஆளுக்கு நடுத்தர வேலை 55 சதவீதம்தான் நடக்கும். தொழில் தெரிஞ்ச ஆளு கிட்டத்தட்ட பாதி வாட்டி சொதப்புறார்னா பாக்க கேவலமா இருக்கும். அதனால அவசரமில்லாத, ஆபத்தில்லாத எடத்துல டைஸே வேணாம், நடந்துருச்சுன்னு சொல்லிட்டு போங்க. தோத்தா என்ன ஆகும்னு ஜிஎம்மால ஒரு வாக்கியம் சொல்ல முடியலன்னாலும் டைஸ் வேணாம்.

என் ப்ளேயருங்க பாக்குற எல்லாரையும் வெட்டுறாங்க. என்ன தண்டனை குடுக்கலாம்?

தண்டனைய வுடுங்க, பரிசு எதுக்கு குடுக்குறீங்கன்னு பாருங்க. 1974 ரூல்ஸ்ல அனுபவ பாயிண்ட்ல பெரும்பங்கு புதையலுக்குத்தான், மான்ஸ்டர கொல்றதுக்கு கொஞ்சம்தான். எதுத்தாப்ல வர்றது சண்ட போடுமா பேசுமான்னு பாக்கவும் ரெண்டு டைஸ் உருட்டுவாங்க. அதனால ஆளுங்க சண்டைய தவிர்த்து, பேசி, ஏமாத்தி, பொருள தூக்கிட்டு ஓடுனாங்க. கொன்னாத்தான் லெவல் ஏறும்னு வெச்சுட்டு "ஏன் கொல்றீங்க"னு கேட்டா எப்படி.

இன்னொண்ணு, எதிரிங்க சரணடையட்டும், ஓடட்டும், பேரம் பேசட்டும். சாகுற வரைக்கும் சண்ட போடுற திருடன யாரும் பாத்ததில்ல.

உலகம் தானா நகரணும்னு சொல்றீங்க, அத எப்படி கணக்கு வெச்சுக்கறது?

கடிகாரம் போடுங்க. பேப்பர்ல ஒரு வட்டம், 4 இல்லன்னா 6 இல்லன்னா 8 துண்டு, பிளேட்ஸ் இன் தி டார்க், அபொகலிப்ஸ் வேர்ல்டு ரெண்டும் இந்த மாதிரி கடிகாரத்த நல்லா யூஸ் பண்ணுது. பார்ட்டி நேரத்த வீணாக்குனா ஒரு துண்டு நெரப்பணும், வட்டம் நெறஞ்சா நடக்க வேண்டியது நடந்துரும். எங்க கேம்ல "ஐப்பசி மழை"னு ஒரு 6 துண்டு கடிகாரம் ஓடுச்சு. வடகிழக்கு பருவமழை குன்னூர் கோத்தகிரி சரிவுல எப்படி பெய்யும்னு எல்லாருக்கும் தெரியும், வட்டம் நெறஞ்சா காட் ரோடு துண்டிக்கப்படும், லாரி திட்டம் காலி. அந்த பேப்பர டேபிள் நடுவுலயே வெச்சேன். ஒளிச்சு வெச்சா அது வெறும் ஜிஎம் நோட்ஸ், எதுக்க இருந்தா நாலு துண்டு நெறஞ்சதுமே ஆளுங்க குரல் மாறும்.

கேரக்டர் செத்துப்போகணுமா?

மொத நாளே பேசி முடிவு பண்ணுங்க. அஞ்சாவது எடிஷன்ல ஹிட் பாயிண்ட் பூஜ்யம் ஆனா ஒவ்வொரு டர்னும் 20 பக்க டைஸ், 10ம் அதுக்கு மேலயும் வந்தா ஒரு வெற்றி, கீழன்னா ஒரு தோல்வி, மூணு வெற்றில பொழைப்பீங்க, மூணு தோல்வில அவ்ளோதான். அது ஓக்கேன்னா அப்படியே ஆடுங்க. எனக்கு சாவு கொஞ்சம் சோம்பேறித்தனமான விளைவா படும், புது கேரக்டர் ஷீட் எழுதுனா கணக்கு தீந்துருது. கடன், கெட்ட பேரு, ஒடஞ்ச நட்பு இதெல்லாம் அவ்ளோ சுலபத்துல வுடாது.

ஒருத்தர் "என் கேரக்டர் அப்டித்தான்"னு சொல்லி எல்லாரையும் கடுப்பேத்துறார்.

கேரக்டர தண்டிச்சு ஆள திருத்த முடியாது. கேம நிறுத்துங்க, டீ போடுங்க, வர்க்கிய எடுத்து வைங்க, "அண்ணா, நீங்க இத பண்றப்ப மத்தவங்களுக்கு ஆட எடமில்லாம போகுது"னு நேரா சொல்லுங்க. அப்பவும் கேக்கலன்னா அடுத்த வாரம் கூப்பிடாதீங்க.

கேம்ல வரவே கூடாதுன்னு ஏதாச்சும் உண்டா?

அதுவும் மொத நாள் பேச்சுலயே. எந்த விஷயம் வரவே கூடாது, எது வந்தா திரைக்கு பின்னாடி நடக்கட்டும்னு ஆளாளுக்கு சொல்லணும், காரணம் சொல்ல வேண்டியதில்ல. டேபிள் நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்டையும் வெப்போம், யார் தொட்டாலும் அந்த சீன் அப்படியே கட்.

நம்ம மலைல ஆடுறவங்களுக்கு தனியா ஒண்ணு. தோடர், குறும்பர், இருளர், கோத்தர்னு நெஜமா இருக்குற மக்கள "மந்திர சக்தி உள்ள பழங்குடி"னு கேம்ல எறக்காதீங்க. குறும்பர்கள சூனியக்காரங்கன்னு பயந்து அந்த காலத்துல கொலையே பண்ணிருக்காங்க, அது கதை இல்ல. அவங்க பிள்ளைங்க உங்க டேபிள்லயே ஒக்காந்திருக்கலாம். கற்பனை ஊருக்கு கற்பனை ஜனத்த நீங்களே உண்டாக்குங்க.

விளைவுன்னா எப்பவும் கெட்டதுதானா?

இல்லவே இல்ல, ஆனா பாதி ஜிஎம் இத மறந்துருவாங்க. மொத செஷன்ல ஒரு பாட்டியோட வெறகு கட்ட தூக்கி குடுத்தாங்கன்னா, ரொம்ப நாள் கழிச்சு போலீஸ் தேடுறப்ப அந்த பாட்டி வீட்டு பின்கதவு திறக்கணும். நல்லதுக்கு பதில் வராத ஊர்ல யாரும் நல்லது பண்ணமாட்டாங்க.

ரொம்ப நாள் கழிச்சு வர்ற விளைவு எப்படி வெக்கலாம்?

ஜன்னல தொறந்து பாருங்க. வெள்ளக்காரன் வெறகுக்குன்னு 19ம் நூற்றாண்டுல சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டாந்து நட்டான், அன்னிக்கு அது நல்ல யோசனை. இன்னிக்கு புல்வெளிய முழுங்கிட்டு பரவி நிக்குது, வெட்டி எடுக்கறதுக்கு கோர்ட்டு வரைக்கும் போயாச்சு. கேம்லயும் இப்படி வெக்கலாம், பார்ட்டி நல்லெண்ணத்துல செஞ்ச ஒண்ணு, அடுத்த தலைமுறைக்கு தலைவலி. நான் அடுத்து நடத்தப்போற கேம்பெய்ன், அதாவது பல செஷனா ஓடுற ஒரே கதை, குறிஞ்சி பூத்த 2006ல ஆரம்பிக்கும், பாதில வெட்டிட்டு நேரா 2018 பூப்புக்கு போகும். நடுவுல 12 வருஷம், கேரக்டருங்களுக்கு வயசாகிருக்கும், மொத பாதில பண்ணதெல்லாம் வளந்து நிக்கும். எந்தெந்த விஷயம் வளரணும்னு ப்ளேயருங்களே ஆளுக்கு ஒண்ணு தேர்ந்தெடுப்பாங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.

தெரியாம சொல்லிட்டேன், வாபஸ் வாங்கலாமா?

டைஸ் விழுறதுக்கு முன்னாடின்னா தாராளமா. விழுந்தப்புறம் இல்ல. நான் நெலமைய சரியா வெளக்காம நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டதா இருந்தா மட்டும் திருப்பிக்கலாம், ஏன்னா உங்க கேரக்டர் கண்ணு முன்னாடி பள்ளம் இருக்குறது கேரக்டருக்கு தெரியும்ல.

அவங்க எங்க போவாங்கன்னே தெரியாது, ஜிஎம் எவ்ளோதான் ரெடி பண்றது?

செஷன் முடியறப்ப "அடுத்த வாரம் எங்க போறீங்க?"னு கேளுங்க, அத மட்டும் ரெடி பண்ணுங்க. கதைய எழுதாதீங்க, ஆளுங்கள எழுதுங்க, யாருக்கு என்ன வேணும், அது கெடைக்கலன்னா என்ன பண்ணுவாங்க. ஃபேக்டரி ஓனருக்கு பணம், பக்கத்து ஃபேக்டரிக்காரனுக்கு மலிவு இலை, பெரியவருக்கு மானம். இந்த மூணு வரி இருந்தா பார்ட்டி எந்தப் பக்கம் திரும்புனாலும் அஞ்சு நிமிஷத்துல பதில் வரும்.

ஆரம்பிக்க எவ்ளோ செலவாகும்?

ஒண்ணுமில்லாமலே ஆரம்பிக்கலாம். அஞ்சாவது எடிஷனோட அடிப்படை ரூல்ஸ 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வுட்டுட்டாங்க, நெட்ல ஃப்ரீயா எறக்கிக்கலாம். 20 பக்க டைஸ் இல்லன்னா ரெண்டு ஆறு பக்க டைஸ்ல ஆடுற கேம எடுங்க, வீட்டு லூடோ டப்பாவுல இருக்குறதே போதும். கீழேந்து எங்க கூட ஆட கார்ல வர்றதா இருந்தா இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, ஸ்வெட்டரும்.